கூண்டு வாங்கும் முன் கொல்லையை அளங்க!

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், வெல்டிங் பட்டறை வாசல்களில் பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கூண்டுகள் நிற்பதைப் பார்க்கலாம். நாலடி நீளம், மூன்றடி அகலம், மேலும் கீழுமாக இரண்டு தட்டு, எச்சம் விழுவதற்கு அடியில் ஒரு தகரம். “இருபது கோழி தாராளமா தங்கும்” என்பது பட்டறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டேப் வைத்துப் பார்த்தால் தட்டுக்கு 12 சதுர அடி, இரண்டுக்கும் சேர்த்து 24. இருபது கோழிக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். சொன்னதில் பொய் இல்லை. தங்கும் என்றுதானே சொன்னார்கள்? ராத்திரி தங்கும். பகலில் அந்த இருபதும் எங்கே இருக்கும் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

வீட்டுக்கோழி வளர்ப்பில் பெரும்பாலான சங்கடங்கள் இந்தக் கேட்காத கேள்வியில்தான் தொடங்குகின்றன. நாலு மாதத்தில் கூண்டு நாறும், கோழி ஒன்றன் முதுகை ஒன்று கொத்தி ரத்தம் எடுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ‘நாட்டுக்கோழி நமக்கு ராசியில்லை’ என்று கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். ராசியில் ஒன்றுமில்லை, எல்லாம் சதுர அடியில் இருக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேரும் திருமுக்கூடலுக்கும் இந்தச் சதுர அடிக் கணக்குக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு இணைந்து ‘வீரசோழன்’ என்ற பெயரில் நடந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர் என்று வகைப்படுத்தி, யாருக்கு எவ்வளவு நெல் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கல்லில் எழுதிய ஊரில், கோழிக்குத் தலைக்கு எவ்வளவு இடம் என்று கேட்பது அப்படியொன்றும் அற்பமான கேள்வி இல்லை.

தெருவே கூண்டாக இருந்த காலம்

முந்தைய தலைமுறை சதுர அடி பார்த்துக் கோழி வளர்க்கவில்லை. திண்ணைக்கு அடியில் செங்கல்லால் ஒரு மாடம், அதற்கு ஒரு பலகைக் கதவு. அதற்குள் பத்துக் கோழி நெருக்கியடித்துக்கொண்டு தூங்கும். இன்றைய அளவுகோலில் பார்த்தால் தலைக்கு அரை சதுர அடிகூடத் தேறாது. ஆனால் பொழுது விடிந்ததும் பலகையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கோழிகளுக்கு மாட்டுக்கொட்டகை, எருக்குழி, வைக்கோல்போர், களத்துமேடு, வேலியோரம் எல்லாமே சொந்தம். மாடத்துக்குத் திரும்புவது இருட்டும்போதுதான். அந்த அரை சதுர அடி, கோழிக்குப் படுக்கை மட்டும்.

அந்த வளர்ப்பில் இருந்த நுணுக்கம் இடத்தில் இல்லை, கவனத்தில் இருந்தது. காலையில் திறந்துவிடும்போது வீட்டுக் கிழவி ஒவ்வொரு பெட்டையையும் பிடித்துப் பின்புறம் விரல் வைத்துப் பார்ப்பாள். முட்டை தட்டுப்பட்டால் அந்தக் கோழிக்கு அன்று காலை வெளியே போக அனுமதி இல்லை. கூடையைப் போட்டுக் கவிழ்த்துவிடுவாள், இல்லாவிட்டால் முட்டை பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் போய்விடும். மாலையில் அடைக்கும்போது தீனிப்பையைத் தடவிப் பார்ப்பாள். காலியாக இருந்தால் அந்தக் கோழிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தனியே எடுத்து வைப்பாள். இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் ‘நோய்க் கோழியைப் பிரித்து வை’ என்ற பாடத்தின் வீட்டு வடிவம் இது.

குஞ்சு பொரித்த தாய்க்குப் பஞ்சாரக் கூடை. இரண்டரை அடி விட்டமுள்ள கூடையைக் கவிழ்த்தால் உள்ளே ஏறத்தாழ 5 சதுர அடி கிடைக்கும். ஒரு தாய்க்கும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு அது போதும். மூங்கில் சிம்பு இடைவெளியில் குஞ்சு வெளியே வந்து மேய்ந்துவிட்டு, பருந்து நிழல் தெரிந்தால் உள்ளே ஓடிவிடும், தாய் மட்டும் வெளியே வர முடியாது. தீனி வீணாகாமல், பருந்துக்கும் காக்கைக்கும் கொடுக்காமல் குஞ்சைத் தேற்ற இதைவிட மலிவான சாதனத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

இன்று மாடம் இருந்த திண்ணையே இல்லை. காம்பவுண்டு சுவர் வந்துவிட்டது. கொல்லைக்குச் சிமென்ட் போட்டாகிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுவதால் களத்துமேட்டில் சிந்திய நெல் கிடையாது. மாடு இருந்த வீடுகளில் பைக் நிற்கிறது. திருமுக்கூடல் வட்டாரத்தில் கல்குவாரி லாரிகள் போகும் சாலையோர வீடு என்றால் கோழியைத் திறந்துவிடுவதும் அதைக் காவு கொடுப்பதும் ஒன்றுதான். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் இட நெருக்கடி வேறு விதம். குழித்தறி போட்ட வீட்டில் முன்பக்கம் முழுக்கத் தறிக்குப் போய்விடும். வீடு நீண்டு குறுகிப் பின்னால் போகும். கடைசியில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு கொல்லை. வாசல் பக்கம் திறந்துவிடலாம் என்றால், தெருவில் பாவு விரித்திருக்கும் காலை வேளையில் கோழி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

ஆக, திண்ணை மாடத்தின் அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இருந்த ஊரை மறந்துவிட்டோம். பட்டறைக் கூண்டு அந்த மாடத்தின் இரும்புப் பதிப்பு. அதில் பகலும் இரவும் கோழியை அடைத்தால் அது படுக்கை இல்லை, சிறை.

யார் சொல்வது சரி?

எவ்வளவு இடம் வேண்டும் என்று விசாரித்தால் ஆளுக்கொரு எண் வருகிறது. குழம்ப வேண்டாம், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு பிழைப்பு இருக்கிறது.

கறிக்கோழிப் பண்ணைக்காரர் ஒரு சதுர அடி என்பார். அவருடைய கோழி ஆறு வாரத்தில் லாரி ஏறிவிடும். உமி பரப்பிய ஆழ்கூளத்தில் முட்டைக்கோழி வளர்ப்பவர் இரண்டு சதுர அடி என்பார். நாட்டுக்கோழியைக் கொட்டகையில் வளர்க்கவும் இதையொட்டித்தான், ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி என்கிறார்கள். தமிழக அரசு 50 சதவீத மானியத்தில் 250 கோழிகள் கொண்ட நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்க விண்ணப்பம் கேட்கும் அறிவிப்புகளில், கொட்டகை போடக் குறைந்தது 625 சதுர அடி நிலம் வேண்டும், அது குடியிருப்பிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று இருக்கும். வகுத்துப் பாருங்கள், கோழிக்கு இரண்டரை சதுர அடி நிலம். பண்ணைக்கு அது பொருந்தும். உயரமான கூரை, இரு பக்கமும் கம்பிவலை, காற்றோட்டம், தினமும் கூளம் கிளறிவிட ஆள் என்று எல்லாம் இருக்கும் இடத்தின் கணக்கு அது. ‘குடியிருப்பிலிருந்து விலகி’ என்ற வார்த்தையை வீட்டுக் கொல்லையில் கூண்டு வைப்பவர்கள் இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் தலைக்கு 4 சதுர அடி, வெளியே வலையடைப்பில் 10 சதுர அடி என்பார்கள். அவ்வளவு எதற்கு என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். அங்கே பனி கொட்டினால் நாட்கணக்கில் கோழி உள்ளேயே கிடக்கும். நமக்குப் பனி கிடையாது, ஆனால் காம்பவுண்டு சுவர் இருக்கிறது. நாள் முழுக்க அடைபட்ட கோழிக்கு வெளியே பனி கொட்டினால் என்ன, லாரி ஓடினால் என்ன? அந்தக் கணக்கு நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் திறந்தவெளிக் கோழி முட்டை என்று பெட்டியில் அச்சடிக்க வேண்டுமானால் கோழிக்கு வெளியில் 4 சதுர மீட்டர், அதாவது சுமார் 43 சதுர அடி நிலம் காட்ட வேண்டும்.

மறுகோடியில் நாமக்கல் இருக்கிறது. நாட்டின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்றான அங்கே கம்பிக் கூண்டில்தான் தொழில் நடக்கிறது. இந்தியக் கூண்டுப் பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் மனு எழுதும் ஏ4 தாளைவிடச் சிறியது. தாள் 624 சதுர செ.மீ. வரும். மத்திய சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பு நிலைமையை எடுத்துப் பேசியது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர செ.மீ. என்றன. அதுகூட அந்தத் தாள் அளவுக்கு வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப்பட்ட வெறுங்கூண்டுகளை 2012 முதல் தடை செய்துவிட்டார்கள்.

பண்ணையோடு வீட்டை ஒப்பிட்டு ‘அவங்க அவ்வளவுதானே கொடுக்கறாங்க’ என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே எச்சம் கூண்டுக்கு அடியில் விழுந்துவிடும், தீனியும் தண்ணீரும் அளந்து வரும், தடுப்பூசி அட்டவணை சுவரில் தொங்கும். வீட்டில் இதில் எது இருக்கிறது? மேலும், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில், நியாயமாக நடமாட முடியாத உயர அகலமுள்ள கூண்டில் எந்தப் பிராணியை அடைத்தாலும் குற்றம் என்கிறது. சட்டம் சதுர அடி சொல்லவில்லை, நடமாட்டம் என்றுதான் சொல்கிறது. வீட்டுக்காரருக்கு அதுவே நல்ல அளவுகோல்.

அந்தி நேரத்துச் சண்டை

இடப் பற்றாக்குறை எப்படித் தெரியும் என்று கேட்டால், மாலை ஆறு மணிக்குக் கூண்டுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள் என்பேன். முதலில் மூத்த பெட்டை வரும். வாசலில் நின்று கழுத்தை நீட்டி உள்ளே இருபுறமும் பார்க்கும். ஏறி, மேல் கம்பின் மூலையில் உட்காரும். அடுத்து அதற்குப் பிடித்த ஒன்றிரண்டு. பிறகு வருபவை இடம் தேடித் தலையைத் தாழ்த்திக்கொண்டு நுழையும். கொத்து விழும், ஒன்று கீழே விழும், மறுபடி ஏறும். ஒரு சின்ன வெடைக்கோழி மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். எல்லாம் அடங்கிய பிறகு உள்ளே போய்த் தரையில், மற்றவற்றின் எச்சம் விழும் இடத்தில், ஒடுங்கிக்கொள்ளும். அந்த வெடைக்கோழிதான் முதலில் சீக்கில் விழும்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்பதை 1921இல் எழுதியவர் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டரப் எப்பே. சின்ன வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறித்து வந்தவர் அவர். இடம் இருந்தால் கீழ்வரிசைக் கோழி ஒதுங்கிப் போய்விடும், சண்டை ஒரு கொத்தோடு முடியும். நாலடிக்கு மூன்றடியில் எங்கே ஒதுங்கும்? கொத்திய இடத்திலேயே மறுபடி கொத்து விழும். சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ‘கோழி கெட்ட பழக்கம் பழகிடுச்சு’ என்று மூக்கை வெட்டுவதற்கு முன் கூண்டை அளந்து பார்க்க வேண்டும்.

கோழியின் முன்னோர் காட்டில் மரக்கிளையில் தூங்கியவை. அதனால் தரைப்பரப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் உட்காரும் கம்பு. கோழிக்கு எட்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் 88 அங்குலம், அதாவது ஏழடி நாலு அங்குலம் வரும். நாலடிக் கூண்டில் இரண்டு கம்பு, இரண்டும் ஒரே உயரத்தில். ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருந்தால் உயர்ந்ததற்குத்தான் அடிதடி நடக்கும். இரும்புக் குழாய் வேண்டாம், கோடையில் சுடும், கால் பிடிக்காது. சவுக்குக் கம்பு நல்லது. அந்த இரட்டைத் தட்டுக் கூண்டில் தட்டுக்கு ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும், அதில் கம்பும் கட்ட முடியாது, சேவல் நிமிர்ந்து நிற்கவும் முடியாது. தட்டை எடுத்துவிட்டு மூன்றடி உயர ஒற்றைக் கூண்டாக மாற்றினால் இருபது என்று விற்றது பதினொன்றாகக் குறையும். ஆனால் அந்தப் பதினொன்றும் நிம்மதியாகத் தூங்கும்.

முட்டைப் பெட்டிக்கு இவ்வளவு இடம் வேண்டாம். ஐந்து பெட்டைக்கு ஒன்று, ஓரடிச் சதுரம், கொஞ்சம் இருட்டாக இருந்தால் போதும். அடை வைக்கும் கோழிக்கு மட்டும் 21 நாளும் தனியிடம் தர வேண்டும். கூட்டத்தோடு விட்டால் மற்றவை வந்து அதே கூடையில் முட்டையிட்டு, உடைத்து, அடையைக் கலைத்துவிடும். முட்டைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டால் இடி இடித்தாலும் கெடாது என்று ஊரில் போடுவார்கள். போடுங்கள், கோழிக்கு நஷ்டமில்லை. ஆனால் தனியிடம் இல்லாமல் மிளகாய் மட்டும் போட்டுப் பயனில்லை.

வெயிலும் மழையும்

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி. காஞ்சிபுரம் பக்கம் கத்திரி வெயிலில் வெளியே நாற்பதைத் தொடும்போது, தகரக் கூரைக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் பத்துக் கோழியும் வாயைத் திறந்து இரைத்துத்தான் உயிர் பிழைக்க வேண்டும். இடம் குறைந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு. கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே விழாது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் போடுங்கள். பக்கவாட்டில் பலகை வேண்டாம், அரை அங்குலக் கம்பிவலை போதும். பாலாற்றுப் புதரிலிருந்து வரும் கீரிக்கும், கூரை வழியாக வரும் மரநாய்க்கும், பாம்புக்கும் அந்த வலைதான் பதில்.

மழைக்காலம் இதைவிடச் சோதனை. வளர்ந்த ஒரு கோழி நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். பத்துக் கோழிக்கு தினம் ஒரு கிலோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காயாது. அம்மோனியா வாடை வந்து கண் எரிந்தால், உங்களுக்கு எரிவதற்கு முன்பே கோழிக்கு எரிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஈரக் கூளத்தில் ரத்தக்கழிச்சல் வரும், குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்குக் கூண்டை ஏன் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. உமியோ கடலைத்தோலோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பி அடிக்கடி கிளறினால் வாடை கட்டுப்படும், பிறகு அதுவே செடிக்கு எரு.

வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் இடம் மருந்தாகாது. நூறு சதுர அடி கொடுத்தாலும் ஊசி போடாத கோழி போய்விடும். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரம் இலவசமாகத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. மேற்கே பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டையில் இருக்கும் அரசுக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் கோழி மருந்துகளையும் தயாரிக்கிறது. நம் ஆற்றங்கரையில் தயாராகும் மருந்து, நம் கோழிக்குப் போடாமல் விட்டால் யார் தப்பு?

இன்னொரு எச்சரிக்கை, குஞ்சு வாங்குபவர்களுக்கு. ஆதரவற்ற, ஏழைப் பெண்களுக்குப் பாதி விலையில் 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். நாலு வாரக் குஞ்சாக வரும்போது அந்த நாற்பதும் 20 சதுர அடியில் ஓடி விளையாடும். நாலு மாதம் கழித்து அதே நாற்பதுக்கு, பகலில் மேய விட்டால்கூட, ராத்திரிக்கே 40 சதுர அடி வேண்டும். அடைத்து வளர்ப்பதானால் கொட்டகையே 80 சதுர அடி. குஞ்சு வரும் நாளிலேயே இந்த இடம் எங்கே என்று வீட்டில் பேசி வைக்காவிட்டால், பாதியைச் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரம்தான். கூண்டு வாங்குவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருவது, பிறகு நஷ்டத்தோடு போய் நிற்பதைவிட மேல்.

சரி, நெசவாளர் வீட்டின் அந்தக் குறுகிய கொல்லைக்கு வருவோம். அகலம் 10 அடி, நீளம் 12 அடி, மொத்தம் 120 சதுர அடி. மூலையில் ஆறடிக்கு மூன்றடியில் கால் வைத்த கூண்டு. மிச்சம் 100 சதுர அடிக்கு வலை அடைத்து, மேலேயும் வலை போட்டு, சிமென்டைப் பெயர்த்து மண் தெரிய விட்டு, ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து கொட்டினால் கோழி அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். ஒரு முருங்கையோ வாழையோ நிழலுக்கு இருக்கட்டும். வெளியே தலைக்கு 10 சதுர அடி என்ற கணக்குப்படி இதில் பத்துக் கோழி விடலாம். விட்டால் மூன்று மாதத்தில் ஒரு புல் மிஞ்சாது, மழைக்குச் சேறாகிவிடும். ஆறு விட்டால் மண் தாங்கும், வாடை வராது, பக்கத்து வீட்டுக்கு இரண்டு முட்டை கொடுத்து நட்பையும் காப்பாற்றிக்கொள்ளலாம். நாட்டுப் பெட்டை ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும் என்று வைத்தாலும், ஐந்து பெட்டை ஒரு சிறு குடும்பத்துக்குப் போதும்.

பகலெல்லாம் திறந்துவிடக் கொல்லையோ தோப்போ இருப்பவர்கள் அந்தப் பச்சைக் கூண்டைத் தட்டை எடுத்துவிட்டு வாங்கலாம், கோழிக்கு ஒரு சதுர அடி போதும். திறந்துவிட வழியில்லாதவர்கள் ஆறு கோழிக்கு மேல் வாங்காதீர்கள். அந்த நூறு சதுர அடியும் இல்லை என்றால், கோழியை விட்டுவிட்டு முட்டையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.